ஆக்கியோன் பெயரும் வழியும்: பாடலுரிமை பற்றிய ஓர் அறவியல் நோக்கு

எந்த இசை நிறுவனத்தையும் சாராத பாடலாசிரியர் ஒருவர், தாமே சொற்களை யாத்து, தாமே மெட்டமைத்து, வீட்டறையொன்றில் ஒலிப்பதிவு செய்த பாடலை இணையவழியே தம் பெயரிற் பதிவு செய்ய முற்படுகின்றார் எனக் கொள்ளலாம். அவர் கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ வாழ்பவர். கணினித் திரையில் விரியும் படிவம் அவருடைய பெயரையும் நாட்டையும் பாடல் ஆக்கப்பட்ட ஆண்டையும் கேட்கின்றது. இவற்றுக்கு விடையளித்தல் எளிது. ஈற்றில், தரப்பட்ட விபரங்கள் யாவும் உண்மையென உறுதி கூறும்படி அது வேண்டுகின்றது. சிறு கட்டமொன்றில் அடையாளமிடுவதோடு கருமம் முடிகின்றது. அவ்வடையாளத்தினால் அவர் உலகுக்கு உறுதி கூறுவது இதுவே: இப்பாடலை ஆக்கியோன் யான்.

இதனைச் சட்ட விடயமாக மட்டும் கொள்வோர் வழக்கறிஞரிடம் விட்டுவிடுவர். எனினும் சட்டம் பேசாது நின்றுவிடும் இடத்திலேதான் இதன் கடினமான பகுதி தொடங்குகின்றது. வன்னிப் பெருநிலப்பரப்பின் பாடல் மரபையும் அதன் அண்மைக்கால வரலாற்றையும் ஒருங்கே வைத்து நோக்குமிடத்து இது தெளிவாகும்.

முதலிற் சட்டம் கூறுவதை அறிதல் வேண்டும். இலங்கையில் இன்று நடைமுறையிலுள்ளது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமாகும். 1979 ஆம் ஆண்டின் 52 ஆம் இலக்கச் சட்டத்தின் இடத்தை அது பெற்றது. கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகம் வணிகக் குறிகளையும் ஆக்கவுரிமைகளையும் கைத்தொழில் வடிவமைப்புகளையும் பதிவு செய்கின்றது. பாடலுக்கோ கவிதைக்கோ அவ்வாறான பதிவேடு எதனையும் அச்சட்டம் ஏற்படுத்தவில்லை. ஆக்கப்பட்டது என்னும் ஒரே காரணத்தினாலேயே ஆக்கமொன்று பாதுகாப்பைப் பெறுகின்றது. அதன் தரமோ நோக்கமோ வெளிப்பாட்டு வடிவமோ கருத்திற் கொள்ளப்படுவதில்லை. பாதுகாப்பு ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கின்றது. இக்கொள்கை இலங்கைக்கு மட்டும் உரியதன்று. 1886 இல் உருவான பேர்ண் உடன்படிக்கை 1908 இற் பேர்லினில் திருத்தப்பட்டபோது, உரிமைக்குப் பதிவு முதலிய சம்பிரதாயங்கள் வேண்டுவதில்லை என வகுத்தது. இலங்கை அவ்வுடன்படிக்கையில் 1959 இல் இணைந்தது. எனவே ஒட்டுசுட்டானில் இன்றிரவு ஒருவர் கட்டும் பாடல் நாளைக் காலையில் இலங்கையில் மட்டுமன்றி உடன்படிக்கை நாடுகள் அனைத்திலும் அவருடையதாகின்றது. அதன்பொருட்டு அவர் எந்த அலுவலகத்தின் படியையும் ஏறவேண்டியதில்லை.

அங்ஙனமாயின் பதிவு எதற்கு? இந்தியாவிலும் அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் பதிவேடுகள் உள்ளன; இரண்டிலும் இணையவழி விண்ணப்பத்துக்கு இடமுண்டு. இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம் பதிவேட்டை முதல்நோக்குச் சான்றாக ஏற்கின்றது. இலக்கிய, இசையாக்கங்களுக்கு 500 ரூபா கட்டணமாகும். விண்ணப்பித்த பின்னர் ஆட்சேபங்களுக்காக 30 நாட்கள் காத்திருத்தல் வேண்டும். அமெரிக்காவில், தனியொருவர் ஆக்கிய தனியாக்கத்துக்கு 2020 இல் நிர்ணயிக்கப்பட்ட கட்டணம் 45 டொலர். அந்நாட்டு ஆசிரியர் அங்கு வழக்குத் தொடர்வதாயின் முதலிற் பதிவு செய்திருத்தல் வேண்டும். அயல்நாட்டு ஆக்கங்களுக்கு அக்கட்டாயம் இல்லையெனினும், சட்டம் முன்கூட்டியே வரையறுத்த நட்டஈட்டைக் கோருவதற்குப் பதிவு வேண்டப்படும். இவற்றை ஒருங்கு நோக்கின், பதிவேடு ஒருவருக்கு உரிமையைத் தருவதில்லை. அவர் கூறியதை நாளிட்டுக் குறித்து வைக்கின்றது. தமக்குத் தாமே பதிவுத் தபாலில் பாடலை அனுப்பி உறையைப் பிரியாது வைத்திருக்கும் பழைய வழக்கமும் இந்நோக்கத்ததே. அதற்குத் தனிச் சட்டவலு இல்லை. எனினும் அதன் பின்னாலுள்ள தேவை மெய்யானது. தாம் கூறியதை நாளை எவரேனும் மறுப்பின், அன்று துணைநிற்க ஒரு சாட்சி வேண்டுமென்பதே அத்தேவை.

பதிவு என்பது சாட்சியம் என்னும் இக்கருத்தை ஏற்றுக்கொண்டால் விவாதத்தின் முகமே மாறுகின்றது. உரிமை பற்றிய மேனாட்டுச் சிந்தனையில் இரு போக்குகள் முதன்மையானவை. ஆங்கில மெய்யியலாளர் யோன் லொக், 1689 இல் வெளிவந்த தம் நூலில், பொதுவாயுள்ள இயற்கையோடு தன் உழைப்பைக் கலந்தவன் அப்பகுதியைத் தனதாக்குகின்றான் என வாதித்தார். அவ்வாதத்தோடு அவர் ஒரு நிபந்தனையையும் சேர்த்தார்: பிறருக்கும் போதிய அளவில் அதேபோன்று நல்லது எஞ்சியிருத்தல் வேண்டும். லொக்கை மேற்கோள் காட்டுவோர் பலர் இந்நிபந்தனையைச் சௌகரியமாக மறந்துவிடுவது வழக்கம். ஜேர்மானிய மெய்யியலாளர் கான்ற் 1785 இல் எழுதிய கட்டுரையொன்றில் வேறொரு வழியைக் காட்டினார். நூல் என்பது ஆசிரியர் பொதுமக்களோடு தம் பெயரில் நிகழ்த்தும் பேச்சு; அனுமதியின்றி அதனை அச்சிடுவோன் ஆசிரியரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பேசவைக்கின்றான் என்பது அவர் துணிபு. லொக்கின் வழியிற் செல்வோருக்குப் பாடல் வயல் போன்றது. கான்றின் வழியிற் செல்வோருக்கு அது வாய்மொழி போன்றது. வயலுக்கு வேலி வேண்டும். வாய்மொழிக்கு வேண்டியது, சொன்னவர் யார் என்பதை மாற்றாதிருத்தல். 2003 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இவ்விரண்டும் காணப்படுகின்றன. படியெடுத்தல், விற்றல், ஒலிபரப்புதல் முதலிய பொருளாதார உரிமைகள் ஒருபுறம்; ஆசிரியர் பெயர் குறிக்கப்படுதலும் ஆக்கம் சிதைக்கப்படாதிருத்தலும் ஆகிய ஒழுக்கவுரிமைகள் மறுபுறம்.

வன்னியின் பாடலை எவ்வழியில் வைத்து நோக்குதல் தகும்? வன்னி குளங்களின் நாடு. கமத்தொழிலோடும் காட்டோடும் பிறந்தவை அதன் பாடல்கள். அரிவு வெட்டும்போதும் சூடு மிதிக்கும்போதும் பாடப்பட்டவை, காவற்கொட்டிலிலிருந்து இரவிற் பாடப்பட்டவை, வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு இணைந்தவை, கூத்துக்குரியவை, சாவீட்டில் எழும் ஒப்பாரி எனப் பலவாக அவை விரியும். இவற்றுள் அரியாத்தை பற்றிய ஒப்பாரி தனித்து நோக்கத்தக்கது. யானை பிடிக்கும் பணிக்கர் குலத்து வேலப்பணிக்கனின் மனைவியாகிய அவள் மதயானையைப் பிடித்துக் கட்டினாள் என்றும், பின்னர் அவள்மீது பொறாமை கொண்டோரின் சூழ்ச்சியால் இறந்தாள் என்றும் கதை வழங்குகின்றது. அவ்வொப்பாரியை முதலிற் பாடியவர் யாரென்பது எவருக்கும் தெரியாது. அதனைக் காத்தவர்கள் அதனைப் பாடிய பெண்களே. அருணா செல்லத்துரை இக்கதையை ‘வேழம் படுத்த வீராங்கனை’ என நாடகமாக்கினார். நாடகம் அவருடையது என்பதில் ஐயமில்லை. அரியாத்தை அவருடையவள் அல்லள் என்பதிலும் ஐயமில்லை. இவ்விரண்டுக்கும் இடையே கோடு எங்கே விழுகின்றது என்பதே வினா.

இக்கோட்டை வரைவது இளம் பாடலாசிரியருக்கு மேலும் கடினமானது. அவர் பாட்டியின் ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர். பாடலொன்றைக் கட்ட அமரும்போது நாவில் எழும் முதலாவது இழுப்பு எங்கிருந்து வந்ததென அவருக்கே தெரியாதிருத்தல் கூடும். சொற்கள் புதியன, பொருள் புதிது, தாளக்கட்டு கணினியிலிருந்து பெற்றது, மெட்டின் அடி மாத்திரம் பழையது. இதனை முழுவதும் தம்முடையதெனப் பதிவதா? ஒருபகுதி தம்முடையதன்று என்பதற்காகப் பதியாது விடுவதா? இரண்டாவதையும் நேர்மை என்று கொண்டாடிவிட முடியாது. அவர் பதியாது விட்ட பாடலை இன்னொருவர், அத்தகைய தயக்கமெதுவுமின்றி, தம் பெயரிற் பதிந்துவிடலாம். இன்றைய இணையவழி விநியோக முறை இவ்வாய்ப்பை மிகுவிக்கின்றது. யூரியூப் நிறுவனம் 2007 முதல் நடைமுறைப்படுத்திவரும் இனங்காணும் முறையில், உரிமை கோருவோர் வழங்கிய ஒலிக்கோப்போடு ஏனையோர் ஏற்றும் ஒலியைப் பொறி ஒப்பிடுகின்றது. இசைவு காணப்பட்டால், பின்னவரின் வருமானம் முன்னவருக்குச் செல்லவும் கூடும். பாடலை முதலில் ஆக்கியவர் யாரென்பது பொறிக்குத் தெரியாது. கோப்பை முதலில் ஒப்படைத்தவரே அதற்குத் தெரியும். முத்தையன்கட்டில் வயல் வரம்பிலிருந்து பாடும் முதியவள் எந்தக் கோப்பையும் ஒப்படைத்தவள் அல்லள்.

நாட்டார் வழக்குகளைச் சட்டம் முற்றாகக் கைவிட்டதென்றும் கூறமுடியாது. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 24 ஆம் பிரிவு நாட்டாரியல் வெளிப்பாடுகளை, வணிக நோக்கத்துக்காகவோ அவற்றின் மரபுவழிச் சூழலுக்குப் புறம்பாகவோ படியெடுத்தல், பொதுமக்களுக்கு வழங்குதல், தழுவுதல் ஆகியவற்றினின்று பாதுகாக்கின்றது. நாட்டார் பாடல் ஆளற்ற சொத்து என்னும் எண்ணத்தைச் சட்டமே மறுப்பது இதனாற் புலனாகும். ஆயின் அனுமதி வழங்கும் அதிகாரம் அமைச்சர் தீர்மானிக்கும் அதிகாரபீடத்துக்கு உரியது. அறவிடப்படும் பணமும் பண்பாட்டு அபிவிருத்திக்கெனப் பொதுவாகச் செல்வது. குமுளமுனையின் ஒப்பாரிக்கு அனுமதி கேட்கவேண்டிய இடம் குமுளமுனை அன்று. தனியொருவரைக் காணாத இடத்தில் அரசைக் காணும் பழக்கம் சட்டத்துக்கு உண்டு. இடையே ஊர் என்றொன்று இருப்பது அதன் கண்ணிற் படுவது அரிது.

இவ்விடத்தில் தமிழ் இலக்கண மரபு கூறுவதை நினைவுகூர்தல் பொருத்தமானது. அச்சும் பதிப்புரிமையும் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே, நூலொன்றை ஆக்குவோனின் கடப்பாடு பற்றி அம்மரபு சிந்தித்துள்ளது. தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இரண்டாக வகுத்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்த நன்னூல் சார்புநூல் என்னும் வகையைச் சேர்த்து மூன்றாகக் கொண்டது. இவற்றுள் எதுவும் இழிவானதாகக் கருதப்படவில்லை. வழிநூல் செய்வோன் முன்னோர் கருத்தை மட்டுமன்றி அவர்தம் சொல்லையும் எடுத்தாளலாம். அது களவன்று, போற்றுதல் என நன்னூலார் கருதினார். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. சிறப்புப்பாயிரம் கூறவேண்டியன எட்டென நன்னூல் விதிக்கின்றது. ஆக்கியோன் பெயர் முதலாவது, வழி இரண்டாவது. இது யார் செய்தது என்னும் வினாவை அடுத்து, இது எதன் வழியே வந்தது என்னும் வினா உடனே நிற்கின்றது. மேலும், பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதுதல் மரபன்று. ஆசிரியரோ உடன் கற்றவரோ மாணாக்கரோ உரைகாரரோ எழுதுதல் வேண்டும். தன் ஆக்கத்துக்குத் தானே சாட்சி நிற்பதை அம்மரபு ஏற்கவில்லை. அவையிலே அரங்கேற்றுதலும் பிறரிடம் சாற்றுகவி பெறுதலும் இதே நோக்கின.

அதேவேளை பெயரைக் குறித்தல் ஆணவமென்றும் தமிழ் மரபு கருதவில்லை. திருஞானசம்பந்தர் தம் பதிகங்களின் ஈற்றிலே திருக்கடைக்காப்பில் தம் பெயரைப் பொறித்தார். முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனங்களில் ‘குருகுஹ’ என்னும் முத்திரை வருவதை இசை கற்போர் அறிவர். ஏடு தொலைந்தாலும் பாடலோடு பெயரும் செல்லுமாறு பாடலின் உடலிலேயே பெயரை வைத்தமை, பதிவேடற்ற காலத்தின் பதிவு எனலாம். பெயர் தொலைந்துவிட்ட இடத்திலே மரபு செய்தது இன்னும் வியப்புக்குரியது. குறுந்தொகையின் புலவர் சிலரின் இயற்பெயர் கிடைக்கவில்லை. அவர்களைப் பெயரற்றோராக விட்டுவிடாது, அவரவர் பாடலில் வரும் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், ஓரேருழவனார் எனப் பெயரிட்டு அழைத்தனர். பெயர் தெரியாமை வேறு, ஆள் இல்லாமை வேறு என்பதை அவ்வேடு தொகுத்தோர் நன்கு உணர்ந்திருந்தனர்.

வியப்பென்னவெனில், அமெரிக்கப் பதிவுப் படிவத்திலும் வழிக்கு ஒரு சிறு இடம் உண்டு. உரிமைக்கோரிக்கையை வரையறுக்கும் அப்பகுதியில், ஆக்கத்தில் முன்னரே இருந்த பகுதி எது, புதிதாய்ச் சேர்த்த பகுதி எது எனத் தனித்தனியே குறிக்கலாம். மெட்டின் அடிப்பகுதி மரபுவழி ஒப்பாரி. சொற்களும் இசையமைப்பும் விண்ணப்பகாரருடையவை என எழுதுவதற்கு ஒரு வரி போதும். பலர் அப்பகுதியை வெறுமையாக விடுகின்றனர். அதனை நிரப்புவதாற் கோரிக்கை சுருங்கிவிடும் என்னும் அச்சம் காரணமாகலாம். உண்மையில் அவருக்கு உரியதெதுவும் அதனாற் குறைவதில்லை. தழுவலாக்கத்தில் ஆசிரியர் புதிதாய்ச் சேர்த்ததற்குச் சட்டம் முழுப் பாதுகாப்பையும் தருகின்றது. குறைவது பிறருடையதைத் தம்முடையதாகக் கூறும் பகுதி மட்டுமே. அப்பகுதியைக் குறையாமல் வைத்துக்கொண்டு அடையாளமிடுவோர் கூறும் உறுதி, பழந்தமிழர் பொய்க்கரி என அழைத்ததற்கு வேறானதன்று.

வழியைக் கூறிய பின்னரும் பூசல் எழக்கூடும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. 2021 மார்ச் 7 இல் வெளிவந்த ‘எஞ்சாயி எஞ்சாமி’ என்னும் தனிப்பாடல், அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் ஆகிய மூவர் பெயரில் வெளியிடப்பட்டுக் குறுகிய காலத்தில் உலகெங்கும் கேட்கப்பட்டது. அதன் சொல்லுக்குப் பின்னால் நின்றது அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வாகும். அவர் முன்னோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்று, பின்னர் திருப்பியனுப்பப்பட்டோர். 1964 ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதற்கு இணங்கியதை நினைவிற் கொள்ளல் வேண்டும். பாட்டியின் பெயரை அறிவு மறைக்கவில்லை. அவரைப் பாடலின் காட்சியிலேயே முன்னிறுத்தினார். வழி கூறப்பட்டது. ஆயினும் 2022 யூலை 28 இற் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் பாடப்பட்டபோது அறிவு மேடையில் இல்லை. பாடலை இயற்றியதும் எழுதியதும் பாடியதும் தாமே என அவர் அதன்பின் எழுதினார். உரிமையும் வருமானமும் மூவருக்கும் சமமென்பது சந்தோஷ் நாராயணனின் விடை. 2024 மார்ச்சில் அவரே, அப்பாடலிலிருந்து அதுவரை ஒரு ரூபாவும் கிடைக்கவில்லையெனப் பகிரங்கமாகக் கூறினார். இப்பூசலில் எவர் பக்கம் நியாயமென்பது இங்கு விடயமன்று. தோட்டத்து ஒப்பாரியில் தொடங்கிய பாடலொன்றில், யார் எப்பகுதியைச் செய்தார் என்பது முதல் நாளிலேயே எழுத்தில் வைக்கப்படாவிடின், நண்பர்களும் ஒருவரையொருவர் மறுக்கும் நிலைக்கு வந்துவிடுவர் என்பதே கவனத்துக்குரியது. வன்னிக்கு இது தூரத்துச் செய்தியுமன்று. 1958, 1977 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களின் பின்னர் மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேறியோர் தம் பாடல்களையும் கொணர்ந்தனர். இன்று வன்னிப் பாடல் எனப்படுவதில் அவர்கள் குரலும் கலந்துள்ளது. அதனைத் தனியே பிரித்தெடுத்தல் அரிது; அது இல்லையென்று கூறுதல் தவறு.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். பாடல் காற்றைப் போன்றது. அதற்கு உரிமை கோருவதே சிறுமை. எல்லோரும் எடுத்துப் பாடட்டும் என்பர் சிலர். கேட்பதற்கு உயர்ந்த கொள்கையாகவே தோன்றும். ஆனால் இதனைப் பெரும்பாலும் கூறுவோர் பாடலாற் பிழைப்பவர் அல்லர். பிறர் பாடலை மேடையேற்றியோ ஒலிபரப்பியோ பிழைப்பவரும் அவருள் உளர். பொதுமையாக்கலின் நேரிய வழி எதுவென்பதைப் பாரதியின் வரலாறு காட்டும். 1921 இற் பாரதி இறந்தபின் அவர் குடும்பம் வறுமையில் உழன்றது, உரிமைகள் கைமாறின. பாடல்களின் இசைத்தட்டு, திரைப்பட உரிமை ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் சென்றது. அவற்றைப் பிறர் பாடுவதற்குத் தடை எழுந்தபோது பொதுமக்களிடையே கிளர்ச்சி தோன்றியது. 1949 இற் சென்னை அரசு பாரதியின் ஆக்கங்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. தமிழ்நாட்டில் இன்று நாட்டுடைமையாக்கல் எனப்படும் வழக்கம் இவ்வழியே வளர்ந்தது. அவ்வழக்கத்தில் ஆசிரியரின் பெயர் அழிவதில்லை, மரபுரிமையாளருக்குப் பரிவுத் தொகையும் வழங்கப்படுகின்றது. உரியவர் யாரென்பதை முதலில் ஏற்றுக்கொண்டு, அதன் பின்னரே பொதுவாக்கினர். உரியவரே இல்லையெனக் கூறி எடுப்பதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

வன்னியில் இவ்வேறுபாடு வேறெங்கும் இல்லாத கூர்மையைப் பெறுகின்றது. 2008, 2009 ஆம் ஆண்டுகளில் மக்கள் கிளிநொச்சியை விட்டு, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு வழியே முள்ளிவாய்க்காலை நோக்கி இடம்பெயர்ந்தபோது, வீடுகளோடு கொப்பிகளும் கைவிடப்பட்டன. பாடல்கள் எழுதப்பட்டிருந்த கொப்பிகளும் அவற்றுள் அடங்கும். மெட்டமைத்தோர் சிலர் இறந்தனர். சிலரைப் பற்றிய செய்தியே இல்லை. பாடல்கள் மட்டும் கேட்டோரின் நினைவில் எஞ்சின. இன்று அத்தகைய பாடலொன்றை நினைவிலிருந்து பாடி ஒலிப்பதிவு செய்யும் இளைஞருக்கு, அதனைக் கட்டியவரின் பெயர் பாதி தெரிந்தும் பாதி தெரியாமலும் இருத்தல் கூடும். ஆக்கியோன் பெயருக்குரிய இடத்தில் அவர் எழுதுவது யாது? தம் பெயரை எழுதினால் அப்பாடல் பாதுகாக்கப்படும். ஆயின் கட்டியவர் இரண்டாம் முறையும் அழிக்கப்படுவார். பாடியவர் என்னும் வகையில் அவருக்குச் சட்டம் தனியான உரிமையொன்றை, ஆற்றுகை செய்வோரின் உரிமையை, வழங்குகின்றது. அது பாடலைக் கட்டியவரின் உரிமையினின்று வேறானது. தமக்குரியதை அவ்விடத்திற் கோரிவிட்டு, மற்றைய இடத்தில் ஊரின் பெயரையும் தெரிந்த அளவிற் கட்டியவர் பெயரையும் எழுதுதல் இயலும். செம்புலப்பெயனீரார்க்குப் பெயரிட்டோர் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

கவிஞர் புதுவை இரத்தினதுரை பற்றி 2009 மே மாதத்தின் பின்னர் நம்பத்தக்க தகவல் எதுவும் வெளிவரவில்லை. அவர் இயற்றிய பக்திப் பாடல்கள் இன்றும் கோயில் வீதிகளில் ஒலிக்கின்றன. பெயர் அறியப்பட்ட ஒருவர் அவர், அறியப்படாதோர் பலர். சட்டப்படி இத்தகையோரின் பாடலுரிமை எந்த ஆண்டு வரை நீடிக்கும்? இறந்த ஆண்டிலிருந்து 70 என்பது விதி. இறந்த ஆண்டு எது? 2010 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம், குழப்பநிலை காரணமாகக் காணாமற்போய் ஓராண்டுக்கு மேலாகச் செய்தியற்றிருப்போரின் மரணத்தைப் பதிவு செய்ய உறவினருக்கு இடமளித்தது. மரணச் சான்றிதழைப் பெற மறுத்த குடும்பங்கள் வன்னியிற் பல. 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதற்கு மாற்றாகக் காணாமற்போனமைக்கான சான்றிதழை அறிமுகஞ் செய்தது. அதனைப் பெற்றவர், காணாமற்போனவரை இறந்தவராக ஏற்காமலே அவருடைய ஆதனத்தைத் தற்காலிகமாக நிருவகிக்கலாம். பாடலுரிமையும் ஆதனமே. எனினும் 2017 பெப்ரவரி 20 இற் கிளிநொச்சியிலும் அதே மாதம் 24 இல் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டகைகளில் அமர்ந்த தாய்மாரும் மனைவியரும் கேட்டது சான்றிதழை அன்று.

அமெரிக்கச் சட்டம் இதற்கொரு கணக்கு வைத்துள்ளது. ஆசிரியர் இறந்ததற்கு அலுவலகத்திற் சான்றெதுவும் இல்லாதவிடத்து, ஆக்கம் வெளிவந்து 95 ஆண்டுகள் கழிந்தபின் அவர் இறந்து 70 ஆண்டுகள் ஆயினவெனக் கொள்ளலாம். அதுவரை அவ்வாறு கொள்ளுதற்கு இடமில்லை. அந்நாட்டின் படிவத்தில் ஆசிரியரின் பெயருக்குக் கீழே, பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு என இரு சிறு கட்டங்கள் அடுத்தடுத்து உள்ளன. கணவனின் பாடல்களைப் பதிய முன்வரும் பெண்ணொருத்தி முதலாவதை நிரப்பலாம். இரண்டாவதை வெறுமையாக விட்டாலும் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்படும்.